இரண்டே முக்கால் மைல்

12-1-1958, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வெள்ளையம்மாள் நேற்றே சுண்ணாம்பு ஊற வைத்துவிட்டாள். நான் காலையில் சைக்கிள் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே நழுவிவிட்டேன். திரும்பி வந்ததும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதப் போவதில்லை.

காரணம் இருக்கிறது. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எங்கள் கருவேலந்திடல் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். மேலே படிக்க வேண்டுமானால் ரயில்வே பட்டறையைத் தாண்டி, சந்தைப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். ரயில்வே பள்ளி அதற்கும் அப்பால். பையன்கள் சிலர் போகிறார்கள். பெண்களில் ஒருத்திகூட இல்லை. என் மகள் பவுனம்மாள் இப்போது எட்டாவது. அவள் வகுப்பில் அவளோடு சேர்த்து ஒன்பது பெண்கள். ஏப்ரலோடு சரி.

அதனால் எங்கள் பள்ளியையே உயர்நிலைப் பள்ளி ஆக்கும்படி மனுப் போடுகிறோம். தலைமையாசிரியர் ராஜகோபாலன் ஸ்ரீரங்கத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “பள்ளிக்கூடத்தோட சரித்திரம் நாலு பக்கம் வேணும். சுத்துவட்டாரப் படம் ஒண்ணு வேணும். படம் போடற கை நம்மகிட்டேயே இருக்கே?” என்றார். பொன்மலைப் பட்டறையின் டிராயிங் ஆபீஸில் நான் டிரேசர். பிறத்தியார் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டே பதினெட்டு வருஷம் போய்விட்டது. சொந்தமாக ஒன்று செய் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தவனுக்கு இது போதாதா?

விதி என்னவென்றால், மூன்று மைலுக்குள் வேறு உயர்நிலைப் பள்ளி இருந்தால் புதிதாக ஒன்று கிடைக்காது. ஆகவே முதலில் தூரம். என் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழடி நாலங்குலம்; மைலுக்கு 720 சுற்று. சிவப்புத் துணி மேலே வரும்போதெல்லாம் எண்ண வேண்டும். நூறு ஆனதும் வலது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை இடது பைக்குப் போகும். எங்கள் பள்ளி வாசலிலிருந்து மெயின் ரோடு வழியாகச் சந்தைப்பேட்டைப் பள்ளி வாசல் வரை 24 கொட்டை, அதற்கு மேல் 30 சுற்று. மூன்று மைல் மூன்று பர்லாங்கு.

சைக்கிள் கடை பரக்கத் அலி பார்த்துவிட்டு, “என்ன சார், வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டுப் போறீங்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

13-1-1958

வெள்ளையடித்தேன்.

2-2-1958, ஞாயிறு

பள்ளி ஆரம்பித்தது 1931 என்று தலைமையாசிரியரின் பதிவேடு சொல்கிறது. சரி, அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் விடத் தெரியாதே. 1931-க்கு முன்னால் இந்த ஊரில் யாரும் படிக்கவே இல்லையா? அப்படியானால் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு ஆண்டி எப்படிப் பேப்பர் படிக்கிறார்?

அவரையே கேட்டேன். “நான் நம்ம இஸ்கூல்லதான் ரெண்டு வருசம் படிச்சேன்” என்கிறார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியாயிற்று!

“சேக்கறப்ப வயசு எப்படிங்க தெரிஞ்சுது?”

“வயசு யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேல போட்டு எடது காதைத் தொடுடான்னாரு வாத்தியாரு. தொட்டுட்டேன். அஞ்சு வயசுன்னு எழுதிட்டாரு. எந்தம்பிக்கு எட்டல, போயிட்டு அடுத்த வருசம் வாடான்னுட்டாரு. அவன் மூணு நாளு வீட்டுல ஒக்காந்து கையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தான்.”

வீட்டுக்கு வந்து நானும் காதைத் தொட்டுப் பார்த்தேன். பவுனு சிரித்தாள். பிறகு அவளும் தொட்டுப் பார்த்தாள்.

பள்ளி எங்கே இருந்தது என்றால், “பட்டறைக்குள்ள. சுவத்துக்கு அந்தப் பக்கம் பழைய வேகனை ஒடைச்சுப் போடுறாங்கல்ல, அங்கதான்” என்கிறார். வயதானவர், எதையோ எதனோடோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

11-2-1958, செவ்வாய்

குழப்பிக்கொண்டது நான்தான்.

ஆபீஸில் கீழ் அலமாரியில், பட்டறைக்கு நிலம் எடுத்த காலத்துப் படம் ஒன்று கிடைத்தது. கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருக்கிறது. மற்றபடி மை அப்படியே இருக்கிறது. வேகன் உடைக்கும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம். பக்கத்தில் ஒரு கிணறு. சதுரத்துக்குள் ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ என்று எழுதியிருக்கிறது. யாரோ என்னைப் போன்ற ஒருவன் எழுதியது. எல்லாம் ஒரே உயரத்தில், பிசிறில்லாமல். கருவேலந்திடலிலிருந்து அந்தச் சதுரத்துக்குப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. ஒற்றையடிப் பாதை.

இப்போதைய படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அந்தப் புள்ளிக்கோடு பட்டறைச் சுவரை வெட்டும் இடம் எது தெரியுமா? மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் இருக்கிறதே, எங்கள் ஓட்டை!

சுவரில் மூன்றடி அகலத்துக்குச் செங்கல் பெயர்ந்த இடம். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் இருநூறு பேரும் தினமும் அதில்தான் குனிந்து நுழைந்து வேலைக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் பாய்லர் ஷாப்பில் பிட்டர். அவனும் நானும் பதினெட்டு வருஷமாக ஜோடியாகப் போகிறோம். வீட்டிலிருந்து பத்தே நிமிஷம். மெயின் கேட் வழியாகச் சுற்றினால் சைக்கிளிலேயே இருபத்தைந்து நிமிஷம். யார் இடித்தது, எப்போது இடித்தது என்று யாருக்கும் தெரியாது. இடித்தவனுக்கு இந்தப் புள்ளிக்கோடு தெரிந்திருக்குமா? தெரியாமல் எப்படி அச்சாக அதே இடம்? மூன்று தரம் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அதே இடம்தான்.

16-2-1958, ஞாயிறு

சரித்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் தலைமையாசிரியர் வீடு. அவர் மனைவி வேதவதி அம்மாள் காபி கொடுத்தார்கள்.

சொன்னேன்: பள்ளி முதலில் பட்டறை நிலத்தில், நிலம் போனதும் மாரியம்மன் கோவில் கொட்டகையில், பிறகு தச்சுப் பட்டறையில், அப்புறம்தான் 1931-ல் இப்போதைய ஓட்டுக் கட்டடம். நாலு இடம். ஊருக்குள் பள்ளிதான் வீடு வீடாகக் குடியிருந்திருக்கிறது. அவர் ரசித்துக் கேட்டார்.

“ஸ்ரீரங்கத்துல எத்தனை பள்ளிக்கூடம் சார்?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை தீர்ந்து மறு கைக்குப் போனார். “இங்கே யாரும் எப்போ வந்துதுன்னு கேக்கறதே இல்லை. பெருமாள் சந்நிதி இருந்தா பாடசாலை இருக்கும். பாடசாலை இருந்தா பின்னாடியே பள்ளிக்கூடமும் வந்துடும். எங்காத்துப் பொண்ணு பத்தாவது படிக்கறா, வாசல்ல இறங்கினா ஸ்கூல்” என்றார்.

அவர் வெள்ளை மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன.

கடைசியில், “பிரமாதமா எழுதியிருக்கேள். ஆனா அழகர்சாமி, பழமைக்கு மார்க் கிடையாது. தூரத்துக்குத்தான் மார்க்” என்றார். தூரம்தான் கைவசம் இருக்கிறதே. மூன்று பர்லாங்கு உபரியாகவே இருக்கிறது.

15-4-1958, செவ்வாய்

கல்வி அதிகாரி வந்துபோனார். நல்ல நாள். எல்லாம் நன்றாகவே நடந்தது.

சந்தைப்பேட்டைப் பள்ளிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். நான் லீவு போட்டு அங்கே காத்திருந்தேன். ஜீப்பிலேயே எங்கள் ஊருக்கு வந்துவிடுவார் என்று பார்த்தால், “வேண்டாம், பிள்ளைகள் எப்படி நடந்து போகிறார்களோ அப்படியே நடந்து பார்க்க வேண்டும்” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சித்திரை வெயில். மெயின் ரோட்டில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. நம் பிள்ளைகளுக்காக வந்தவரை அப்படி வாட்டலாமா? “இப்படி வாங்க சார், தூங்குமூஞ்சி மர நிழல்லயே போயிடலாம்” என்று பட்டறை உள்பாதையில் அழைத்து வந்தேன். குடை பிடித்தேன். ஓட்டையில் நுழையும்போது அவர் தலை இடித்துக்கொள்ளாமல் என் கையை வைத்து மறைத்தேன். முன்னாலேயே ஒரு பையனை ஓடவிட்டுச் சொல்லியிருந்ததால், இந்தப் பக்கம் பெரியண்ணன் இளநீர் சீவித் தயாராக நின்றான்.

“ரொம்ப சௌகரியமான வழி” என்றார் அதிகாரி. மறுபடி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். சந்தோஷமாகப் போனார்.

9-6-1958, திங்கள்

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. உத்தரவு இன்னும் வரவில்லை. பவுனு எட்டில் முதலாவதாகத் தேறி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஓட்டை வழியாக நானே பட்டறை வரை கூட்டிப்போகிறேன், அங்கிருந்து பையன்களோடு சந்தைப்பேட்டைக்கு நடக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “வேகன் தள்ளுற எடத்துல, அத்தனை ஆம்பளைங்க மத்தியில, எம்பொண்ணு குனிஞ்சு நுழைஞ்சு போகணுமா? நல்லாருக்குங்க நீங்க பேசறது” என்றாள் வெள்ளையம்மாள். மெயின் ரோடு என்றால் போக வர ஏழு மைல், பஸ்ஸும் கிடையாது.

மண்ணச்சநல்லூரில் அவள் அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் மகன் அரிசி மில்லில் வேலை பார்க்கிறான். இருபத்து மூன்று வயது. நல்ல பையன்தான். பவுனுக்கு வருகிற தையில் பதினைந்து முடிகிறது. முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் அவள் என் பழைய பென்சில்களை எல்லாம் எடுத்துச் சீவி வரிசையாக வைத்திருந்தாள்.

4-7-1958, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நிராகரிப்பு. ‘நடந்து பார்த்ததில் இரண்டு பள்ளிகளுக்கும் இடையே தூரம் இரண்டே முக்கால் மைல்.’

எப்படி? யார் அளந்தது? என் 24 கொட்டை என்ன ஆயிற்று?

6-7-1958, ஞாயிறு

மறுபடி அளந்தேன். 2,430 சுற்று. ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அதிகாரிக்குக் கணக்கே தெரியாது என்று பரக்கத் அலி கடையில் நின்று கத்திவிட்டேன்.

மத்தியானம் உட்கார்ந்து யோசித்தேன். மைலுக்கு இருபது நிமிஷ நடை. இரண்டே முக்கால் மைலுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். அன்றைக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்தாரே... எந்த வழியில் வந்தோம்? இந்த நோட்டைத் திருப்பினேன். ஏப்ரல் 15.

‘இப்படி வாங்க சார்.’

என் கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு. ‘எல்லாம் நன்றாகவே நடந்தது’ என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அட மடையா, மடையா! வெயிலில் கொஞ்சம் வாடியிருந்தால் அந்த மனுஷர் செத்தா போயிருப்பார்? குடை பிடித்து, தலைக்குக் கை வைத்து, என் பெண்ணின் படிப்பை நானே அந்த ஓட்டை வழியாகக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளையம்மாளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

15-7-1958, செவ்வாய்

தலைமையாசிரியர் கல்வி ஆபீஸுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். “அவாளைக் குத்தம் சொல்லப்படாது. படிக்கப் போற பையன்களும் நடமாடற வழி அதுதானே? அந்த வழி இருக்கற மட்டும் ரெண்டே முக்கால்தான், இல்லேன்னு ஆனா மறுபடி வந்து பாக்கறேன்னார்.”

இல்லை என்று ஆனால்.

20-7-1958, ஞாயிறு

பரக்கத் அலி கடை முன்னால் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். ஓட்டையை அடைக்கச் சொல்லி நாமே ரயில்வேக்கு எழுதுவோம் என்று. என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னை முறைத்தது இல்லை.

இன்னாசிராஜ் இரவு ஷிப்டுக்காரர். “முழு ராத்திரி இரும்போட மல்லுக்கட்டிட்டு, விடிஞ்சு மூணு மைலு மிதிச்சு வீடு வரணுமா? ஏன் சார், நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுங்க” என்றார்.

பரக்கத் அலி ஒருவர்தான் சிரித்தார். “எனக்குச் சம்மதம். எல்லாரும் சைக்கிள் வாங்கியாகணும்ல?” அந்தச் சிரிப்பு காரியத்தை இன்னும் கெடுத்துவிட்டது.

பெரியண்ணன் கடைசியாகப் பேசினான். “ஒம்பொண்ணு படிக்கறதுக்காக எரநூறு பேரு சுத்திக்கிட்டுப் போகணுமாய்யா?”

“எம்பொண்ணு மட்டும் இல்ல. ஒம்போது பொண்ணு.”

“பாக்கி எட்டுப் பொண்ணோட அப்பனும் இங்கதான் நிக்கிறான். எவனாச்சும் வாயத் தொறந்தானா?”

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் திறக்கவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருநூறு பேரின் காலையும் மாலையும் ஒரு பக்கம், ஒன்பது பெண்கள் ஒரு பக்கம். நான் பவுனுக்கு அப்பனாக இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன்? எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஓட்டைப் பக்கம்தான்.

27-7-1958, ஞாயிறு

எழுதிப் போட்டுவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. மொட்டைக் கடுதாசி. சுவரில் திறப்பு இருக்கிறது, வேகன்கள் நகரும் இடம், ஆபத்து, அடைக்கவும் என்று நாலு வரி. கூடவே இடம் தெரிய ஒரு படம்.

கோழைத்தனம்தான். தெரிந்தே செய்தேன்.

8-8-1958, வெள்ளி

ரயில்வே கட்டட இன்ஸ்பெக்டர் டிராயிங் ஆபீஸுக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து என் படத்தை என் முன்னாலேயே விரித்தார்.

“ஏன்யா, மொட்டைக் கடுதாசிக்கு வடக்கு காட்டுற அம்பு எதுக்குய்யா? அளவு வேற போட்டிருக்கே. ஓரத்துல இரட்டைக்கோடு பார்டர் வேற.”

ஆபீஸே சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. பதினெட்டு வருஷப் பழக்கம், படம் என்றால் அம்பு இல்லாமல் கை முடிக்க மாட்டேன் என்கிறது.

“போட்டதுதான் போட்டே, பேரையும் போடு. பேரில்லாத மனு மேல நான் ஆக்ஷன் எடுக்க முடியாது” என்றார்.

பேனாவை வாங்கினேன். பாய்லர் ஷாப்புக்கு இது போய்ச்சேர அரை மணிகூட ஆகாது என்று தெரியும். பவுனு சீவி வைத்த பென்சில் ஒன்று மேஜையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டேன்.

21-8-1958, வியாழன்

அடைத்துவிட்டார்கள். இரண்டு கொத்தனார், ஒரு நாள் வேலை. காலையில் கடைசியாக நானும் அதில்தான் நுழைந்து போனேன். பெரியண்ணன் எனக்கு முன்னால் போனான்; ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

22-8-1958

காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். எதிர்க்காற்று.

7-9-1958, ஞாயிறு

மெயின் ரோட்டில் இப்போது காலையில் திருவிழா மாதிரி சைக்கிள். எனக்கு முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம். பக்கத்தில் மட்டும் யாரும் வருவதில்லை. இரண்டு முறை டயரில் காற்றுப் பிடுங்கிவிட்டார்கள். பரக்கத் அலி அடித்துக் கொடுத்துவிட்டு, “கடை திறந்த நாள்லேர்ந்து இப்படி வியாபாரம் பார்த்ததில்லை. உங்களுக்கு மட்டும் காத்து சும்மாவே அடிக்கிறேன் சார், அல்லா உங்களைக் காப்பாத்தட்டும்” என்கிறார்.

பதினெட்டு வருஷம். பெரியண்ணன் இல்லாமல் வேலைக்குப் போவது, ஒரு காலில் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். பட்டறைச் சுவரைச் சுற்றி வரும்போது தெருக்களை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். குவார்ட்டர்ஸ் வரிசைகள், அதை ஒட்டிக் குடிசைகள், அப்புறம் புதிதாக மனை பிரித்த இடம். எல்லா இடத்திலும் எட்டு மணிக்குச் சிலேட்டோடு பிள்ளைகள் நடக்கிறார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று ஒரு படம் போட ஆரம்பித்திருக்கிறேன். யாரும் பேசாவிட்டால் மனிதன் எதையாவது செய்துதானே ஆக வேண்டும்?

16-11-1958, ஞாயிறு

தீபாவளிக்கு மச்சான் மண்ணச்சநல்லூரிலிருந்து அரிசி மூட்டையோடு வந்து, தையில் பேசி முடித்துவிடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வெள்ளையம்மாள் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று பவுனு சொன்னாள். தெருக் குழாயடியில் பெண்கள் ஜாடை பேசினார்களாம். புருஷன்மாருக்கு விடியற்காலையில் எழுந்து சோறு கட்ட வேண்டியிருக்கிறது, எல்லாம் ஒருத்தரால் வந்தது என்று. வெள்ளையம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஜாடை எதுக்கு? அடைக்கச் சொன்னது எங்க வீட்டுக்காருதான். எம்பொண்ணு படிக்கணும்னுதான் சொன்னாரு. உங்க பொண்ணுங்களும் படிக்கும். பள்ளிக்கூடம் வந்தப்பறம் சேக்க மாட்டேன்னு இப்பவே யாராச்சும் சத்தியம் பண்ணுங்க பாப்போம்” என்றாளாம்.

யாரும் பண்ணவில்லையாம்.

என்னிடம் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடும்போது இன்னொரு கரண்டி குழம்பு கேட்காமலே ஊற்றினாள்.

19-2-1959, வியாழன்

அதிகாரி மறுபடி வந்தார். அதே மனிதர். நான் வரவேற்கப் போகவில்லை. என்னை நம்ப முடியாது. தலைமையாசிரியர்தான் கூட வந்தார். மெயின் ரோடு, மொட்டை வெயில். குடைகூட எடுத்துப் போக வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். பள்ளி வாசலுக்கு வரும்போது அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபத்தெட்டு நிமிஷம்.

“முதல் தடவை வேற வழியில கூட்டிட்டு வந்தாரே, அவர் எங்கே?” என்று கேட்டாராம். “அந்த வழியும் இல்லை, அவருக்கு லீவும் இல்லை” என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

28-5-1959, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ஜூன் 15 முதல் ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அதற்குள் ஊரார் ஒரு கொட்டகை போட்டுத் தர வேண்டும். பதினெட்டு நாள்.

ஊரார் என்றால் யார்? என்னிடம் பேசாத ஊரா?

31-5-1959, ஞாயிறு

காலையில் நானும் தலைமையாசிரியரும் மட்டும் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ‘ரங்கா, ரங்கா’ என்கிறார். பத்து மணிக்கு ஒரு வண்டி மூங்கிலும் கீற்றும் வந்து நின்றது. வண்டிக்குப் பின்னால் பெரியண்ணன்.

என்னைப் பார்க்காமலே மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கினான். “இவ்வளவுதான் ஆழம் தோண்டினா காத்துல போயிரும். படம் போடுறதுதான் ஒனக்குத் தெரியும்” என்றான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

முதல் மூங்கிலை நட்டுவிட்டு, “ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. எம்பொண்ணு ரங்கநாயகி ஏழு முடிச்சிருச்சு, அதான்” என்றான்.

மத்தியானத்துக்குள் இருபது பேர் வந்துவிட்டார்கள். இன்னாசிராஜ் தூங்காமலே வந்திருந்தார்.

15-6-1959, திங்கள்

பள்ளி திறந்தது. அந்த ஒன்பது பெண்களில் ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு இந்த ஒரு வருஷத்தில் கல்யாணமாகிவிட்டது. ஒருத்தி குடும்பத்தோடு துவாக்குடிப் பக்கம் போய்விட்டாள். நான் போன வருஷ ஏப்ரலில் அதிகாரியோடு வெயிலில் நடந்திருந்தால் ஒன்பது பேர் வந்திருப்பார்கள். இதை நான் மறக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

பவுனு ஒரு வருஷம் சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் வந்ததும், “அப்பா, அல்ஜீப்ரான்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள். தெரியாது என்று சொன்னேன். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள்.

10-7-1961, திங்கள்

ரொம்ப நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் சுவர் மறுபடி திறந்திருக்கிறது! இந்தத் தடவை இடித்தது நாங்கள் இல்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள். வேகன் உடைக்கும் இடத்தை அப்பால் மாற்றிவிட்டு, சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு வரிசை குவார்ட்டர்ஸ் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது மிகப் பக்கத்தில் இருக்கிற உயர்நிலைப் பள்ளி எங்களுடையதுதான். செங்கல்லைப் பெயர்த்து ஓரமாக அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் நின்று பார்த்தேன். இரட்டைச் சடை போட்ட பெண்கள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் குனிந்து வருகிறார்கள். பதினான்கு பேர் எண்ணினேன். ஆண்டியின் பள்ளிக்கூடத்துப் புள்ளிக்கோடு. இந்த முறை எதிர்த் திசையில்.

தலைமையாசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “இனிமே யார் ஸ்வாமி அளக்க வரப்போறா? நீர் மாத்திரம் வடக்கு அம்பு போடாம இருந்தா சரி” என்றார்.

பவுனு பதினொன்றாவது படிக்கிறாள். மண்ணச்சநல்லூர்ப் பையனுக்குப் போன வருஷமே வேறு இடத்தில் கல்யாணமாகி, நாங்களும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இன்று அவள் என்னைக் கேட்டாள்: “அப்பா, நாளைக்கு எந்த வழியா வேலைக்குப் போவீங்க?”

மெயின் ரோட்டில்தான் என்றேன். ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் எந்த முகத்தோடு அதில் நுழைவேன்?

11-7-1961, செவ்வாய்

சைக்கிளை வெளியே எடுத்தேன். பெரியண்ணன் வாசலில் நின்றிருந்தான், கையில் சோற்றுத் தூக்கோடு. சைக்கிள் இல்லை.

“அதை உள்ள வைய்யா” என்றான்.

உள்ளே வைத்துவிட்டு அவனோடு நடந்தேன். கோவிலுக்குப் பின்னால் போனோம். எதிரே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் வந்து முடியட்டும் என்று ஒதுங்கி நின்றோம். பிறகு நான் குனிந்தேன். “தலை, தலை, பாத்து” என்று பெரியண்ணன் என் உச்சந்தலைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் தன் கையை வைத்து மறைத்தான்.

பட்டறைச் சங்கு ஊத இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.